டெக்சாஸில் தனியார் நிலத்தில் வேட்டையாட அனுமதி வாங்குவது எப்படி?

டெக்சாஸில் வேட்டை உரிமம் வாங்க எனக்கு ஒரு வாரம் ஆனது. துப்பாக்கி வாங்க ஒரு மதியம் போதுமாக இருந்தது. வேட்டையாட ஒரு நிலம் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை தப்பான ஆளிடம் அனுமதி வாங்கிவிட்டு, வேலிக்கு உள்ளே நின்றபடி கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் மாநில அதிகாரி) விளக்கம் சொல்ல வேண்டியும் வந்தது. அந்த அரை மணி நேரம் உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையது. கொலராடோவிலோ மொன்டானாவிலோ இருக்கும் நண்பர் "காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் இறங்கினேன்" என்று சொன்னால், அது அங்கே பரந்து கிடக்கும் அரசு நிலத்தின் கதை. இங்கே வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் வேட்டையாடினால் 500 முதல் 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. அப்படிப் போய் மானைச் சுட்டுவிட்டால் குற்றம் இன்னும் ஒரு படி ஏறும்: 180 நாள் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். விசாவில் இருப்பவருக்குத் தண்டனையோடு குடியேற்றச் சிக்கலும் சேர்ந்து வரும்.

கீழே உள்ளதெல்லாம் டெக்சாஸுக்கு மட்டும். வேறு மாநிலம் என்றால் அந்த மாநில விதியைப் பாருங்கள்.

1. நிலம் தேடும் முன் உங்கள் தாள்களைச் சரிசெய்யுங்கள்

நம்மில் பலர் சறுக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். இதற்கு விதிவிலக்குகள் சில உண்டு. நமக்குப் பொருந்துவது பெரும்பாலும் ஒன்றுதான்: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது.

இதிலிருந்து நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

டெக்சாஸ் வேட்டை உரிமம் நீங்கள் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதிய உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வரும். விசாக்காரர் அதை மறந்துவிட்டால், செப்டம்பர் 1 காலையில் வீட்டுப் பெட்டகத்தில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். தொலைபேசியில் ஆகஸ்ட் 20-க்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். நான் இரண்டு போட்டிருக்கிறேன்.

அடுத்தது காட்டுப்பன்றி. 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றியை வேட்டையாட டெக்சாஸில் உரிமமே தேவையில்லை. கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், பண்ணைக்காரரும் சொல்வார். அவர்கள் சொல்வது மாநில விதி. விசாவில் இருக்கும் நீங்கள் கையில் துப்பாக்கி பிடிக்கக் கூட்டாட்சி விதிப்படி உரிமம் வேண்டும். நண்பருடைய துப்பாக்கியை வாங்கிச் சுடுவதற்கும் இதே கதைதான்.

மூன்றாவது, உங்கள் மனைவியோ கணவரோ ஹெச்-4 விசாவில் இருந்தால் அவருக்கும் தனியாக ஓர் உரிமம் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் அவரிடம் இருக்கக் கூடாது.

நான்காவது, வில்லும் குறுக்கு வில்லும் துப்பாக்கி என்ற கணக்கில் வராது. விசா பற்றிய தயக்கம் இருக்கிறவர் குறுக்கு வில்லில் தொடங்கலாம். இது பல பண்ணைக்காரர்களுக்கும் பிடிக்கும். சத்தம் இல்லை, மாடு மிரளாது.

எதற்கும் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டுத் துப்பாக்கி வாங்குங்கள். கடையில் வாங்கும்போது வேட்டை உரிமம், தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு) எண் மூன்றும் கேட்பார்கள்.

சரி, உரிமம் வாங்குவது எப்படி? 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் வேட்டைக் கல்விப் பாடம் முடித்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர் முழுவதையும் இணையத்திலேயே முடிக்கலாம். நேரடி வகுப்புக்குக் கட்டணம் 15 டாலர். துப்பாக்கியைத் தொட்டே பழகாதவர் நேரடி வகுப்புக்குப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கீழே வைப்பது என்று ஒருவர் செய்து காட்டினால்தான் மனதில் நிற்கும். பாடத்துக்கு நேரமில்லை என்றால் 10 டாலர் கட்டி ஒரே ஒருமுறை தள்ளிப்போடலாம். ஆனால் பண்ணைக்காரரிடம் காட்ட அந்தச் சான்றிதழ் வேண்டும், அதனால் முடித்துவிடுவதே நல்லது.

டெக்சாஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருப்பவருக்கு வேட்டை உரிமம் 25 டாலர். மீன்பிடிப்பும் மற்ற மேலொப்பங்களும் (உரிமத்தோடு கூடுதலாக வாங்கும் எண்டார்ஸ்மென்ட்) சேர்ந்த சூப்பர் காம்போ 68 டாலர். ஆறு மாதம் ஆகாதவர் வெளிமாநிலக் கணக்கில் 315 டாலர் கட்ட வேண்டும். ஆகவே புதிதாக வந்தவர் ஆறு மாதம் பொறுத்திருங்கள். புறா வேட்டைக்கு 7 டாலர் மேலொப்பம் தனி, வில்வேட்டைப் பருவத்துக்கு இன்னொரு 7 டாலர். சூப்பர் காம்போவில் இரண்டும் அடக்கம். விலை மாறக்கூடும், வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நிலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் தூரத்துக்குள் தேடுங்கள். அதற்கு மேல் போனால் அடிக்கடி போக மாட்டீர்கள். அடிக்கடி வராதவரை உரிமையாளருக்கும் ஞாபகம் இருக்காது. நான் ஆஸ்டினில் இருக்கிறேன், தேடியது வடகிழக்கே மைலம் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல).

ஒவ்வொரு கவுண்டிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற சொத்து மதிப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் வரைபடத்தைத் திறந்து ஒரு நிலத்தைத் தொட்டால் உரிமையாளர் பெயர், ஏக்கர் அளவு, அவருடைய அஞ்சல் முகவரி எல்லாம் வரும். காசு கிடையாது. நம் ஊரில் பட்டா, சிட்டா பார்ப்பது போலத்தான். ஆன்எக்ஸ் ஹன்ட் என்ற செயலியில் இதே விவரம் கைப்பேசியிலேயே கிடைக்கும். ஒரு மாநிலத்துக்கான ஆண்டுச் சந்தா 35 டாலர் அளவில் இருக்கும். நிலத்தில் நிற்கும்போது எல்லை எங்கே என்று காட்டுவதால் அந்தக் காசு கொடுக்கத் தகும்.

உரிமையாளர் இடத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தால் மாநில வரி அலுவலகமான கம்ப்ட்ரோலர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் கிடைக்கும். ஓர் அறக்கட்டளையோ, "வாரிசுகள்" என்றோ இருந்தால் கவனம். அண்ணன் தம்பி நாலு பேருக்குச் சேர்ந்த நிலமாக இருக்கலாம். ஒருவர் சரி என்பார், இன்னொருவர் போலீஸைக் கூப்பிடுவார்.

இப்போது என் கதை. சாலையோரம் 180 ஏக்கர் நிலம், உள்ளே மாடுகள், கேட்டருகே ஒரு பெரியவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்று பேசினேன். பன்றி தொல்லை தாங்கவில்லை, தாராளமாக வா என்றார். கை குலுக்கினோம். அடுத்த சனிக்கிழமை விடியுமுன் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் ஹூஸ்டனிலிருந்து வந்த நாலு பேர், மற்றொன்றில் கேம் வார்டன். விஷயம் என்னவென்றால், அந்தப் பெரியவர் நிலத்தை மாடு மேய்க்க மட்டும் குத்தகைக்கு எடுத்தவர். வேட்டை உரிமையை உரிமையாளர் அந்த நாலு பேருக்குத் தனியாகக் குத்தகை விட்டிருந்தார். பெரியவர் வந்து "நான்தான் வரச் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டதால் வார்டன் எச்சரிக்கையோடு விட்டார். என்னிடம் தாள் எதுவும் இல்லை. அவர் மட்டும் அன்று ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆக, நிலத்தில் யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் உங்களுடையதா? வேட்டை உரிமை வேறு யாருக்காவது விடப்பட்டிருக்கிறதா? வேறு பங்காளிகள் உண்டா? மேய்ச்சல் குத்தகைக்காரர், பண்ணையாள், உரிமையாளரின் மருமகன், இவர்கள் வாய்ச் சம்மதத்தை நம்பி உள்ளே போகாதீர்கள்.

3. மானைக் கேட்காதீர்கள், பன்றியைக் கேளுங்கள்

டெக்சாஸில் வெள்ளைவால் மான் என்பது பண்ணைக்காரருக்கு வருமானம். மான் வேட்டைக் குத்தகை ஏக்கருக்கு 10 முதல் 25 டாலர் வரை போகிறது என்பது நான் விசாரித்த வரையில் கிடைத்த கணக்கு. ஆள் கணக்கில் ஆண்டுக்கு 1,500, 2,500 டாலர் என்றும் சொன்னார்கள். அதை ஒரு புதியவருக்கு இலவசமாக யாரும் கொடுக்க மாட்டார்கள். அதைக் கேட்டாலே பேச்சு முடிந்துவிடும்.

காட்டுப்பன்றி அப்படியில்லை. டெக்சாஸில் பல லட்சம் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. சோளம், நிலக்கடலை, வைக்கோல் புல் எதையும் விடாமல் கிளறுகின்றன. பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, உரிமையாளர் சம்மதம் இருந்தால் இரவிலும் சுடலாம். இரவில் போவதானால் அந்தக் கவுண்டி கேம் வார்டனுக்கு முன்கூட்டியே ஒரு தகவல் சொல்லிவிடுவது நல்லது. இருட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யாராவது அவரைத்தான் அழைப்பார்கள்.

எனக்குக் கடைசியில் நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு நான் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மதியம் போயிருந்தேன். என்னைத் தன் புல்வயலுக்குக் கூட்டிப் போனார். பெர்முடா புல், வைக்கோலுக்காக வளர்த்தது. ஒரு மூலையில் அரை ஏக்கர் அளவுக்கு ஏர் ஓட்டியது போல மண் புரண்டு கிடந்தது. குழி ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம். அவர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் காட்டினார், பன்றியின் மூக்குத் தடம் அச்சு வார்த்தது போல அதில் இருந்தது. புல் அறுக்கும் வண்டி இந்தக் குழியில் இறங்கி அச்சு முறிந்ததாம். தருமபுரிப் பக்கம் என் தாத்தா கடலைக் காட்டில் பரண் கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு இராத்திரி முழுக்கப் பன்றிக்குக் காவல் இருந்ததை அவரிடம் சொன்னேன். அவர் அந்தத் தகரம் எவ்வளவு பெரியது, பன்றி நிஜமாகவே போய்விடுமா என்றெல்லாம் கேட்டார். அதற்கு முன் ஐந்து நிமிடம் பேசியவர், அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் நம்மில் நிறையப் பேர். அதைச் சொல்லுங்கள். பன்றியால் விளைச்சல் போனவருக்கு அந்தப் பாஷை புரியும்.

பன்றிக்கு அடுத்து புறா. வடக்கு, நடு மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று பருவம் தொடங்கும். சோளம், சூரியகாந்தி வயல் வைத்திருப்பவரிடம் கேட்கலாம். அணில், முயல் கேட்டாலும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மானுக்கு இரண்டு வருடம் கழித்து அவரே கூப்பிடுவார், அல்லது கூப்பிட மாட்டார். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

4. கேட்கும் காலம்

பன்றிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை கேளுங்கள். மான் பருவம் முடிந்து குத்தகைக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். வடக்கு மண்டலத்தில் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி முதல் ஞாயிறு வரை, தெற்கில் ஜனவரி மூன்றாம் ஞாயிறு வரை பொதுப் பருவம். அந்த நாட்களிலும், அதற்கு முந்தைய அக்டோபரிலும் புதியவர் போய் நிற்கவே கூடாது. புறாவுக்கு மே, ஜூன். புல் அறுத்துக் கட்டுக் கட்டும் நாட்களில் வயலில் ஓடும் வண்டியை நிறுத்திப் பேசாதீர்கள், மழை வருமுன் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்.

5. முதலில் கடிதம், அப்புறம் நேரில்

நான் 34 கடிதம் போட்டேன். ஆறு பேர் பதில் சொன்னார்கள். நேரில் வரச் சொன்னவர்கள் மூன்று பேர். 34 பேரில் கடைசியில் சரி சொன்னவர் ஒருவர். தபால்தலைக்கும் உறைக்கும் 30 டாலருக்குள்தான் ஆனது.

ஒரு பக்கத்தைத் தாண்டாமல் எழுதுங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது. அதில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், வேலை, ஊர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், குடும்பம். எந்த நிலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், எந்தச் சாலையோரம். பன்றி அல்லது புறா மட்டும் என்பது. தனியாக வருவேன், அல்லது ஒரே ஒரு நண்பரோடு வருவேன் என்பது. வேட்டைக் கல்விச் சான்றிதழ் இருக்கிறது என்பது. பதிலுக்கு என்ன செய்து தர முடியும் என்பது. தொலைபேசி எண். வேலி கட்ட, கேட் சரிசெய்ய, புதர் வெட்ட ஒரு நாள் வருவேன் என்று நான் எழுதியிருந்தேன். ஒருவருக்கு அவருடைய கண்காணிப்பு கேமராவைக் கைப்பேசியோடு இணைத்துக் கொடுத்தேன். நம் ஆட்கள் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், இந்த உதவிக்குக் கிராமத்தில் நல்ல மதிப்பு இருக்கிறது.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நேரில் போகலாம். மூடிய கேட்டும் "போஸ்டட்" பலகையும் இருந்தால் போகாதீர்கள். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறப் பெயின்ட் கோடு இருந்தால் அதுவும் "உள்ளே வராதே" என்ற பலகைக்குச் சமம். செங்குத்தாக எட்டு அங்குல நீளமாவது இருக்கும், தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில். புதிதாக வருபவர் இதை ஏதோ மர அடையாளம் என்று நினைத்துவிடுவார்.

நேரில் போகும்போது சனி, ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் போங்கள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். வேட்டை உடுப்பு வேண்டாம். காரில் துப்பாக்கி வேண்டாம். நாலு நண்பர்களாகப் போகவே வேண்டாம். மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போனால் நல்லது. வீட்டு வாசலில் நாய் இருந்தால் காரிலேயே உட்கார்ந்து ஹார்னை ஒருமுறை மெதுவாக அடியுங்கள். கதவைத் தட்டிய பின் நாலைந்து அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். "சார்", "மேம்" இங்கே கிராமத்தில் எல்லாரும் சொல்வதுதான், நமக்கும் அது இயல்பாகவே வரும்.

மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு, "வேறு யாருக்காவது பன்றி தொல்லை இருக்கிறதா, தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். எனக்கு நிலம் கிடைத்தது அப்படி ஒரு மறுப்பிலிருந்துதான். என்னை மறுத்த அம்மா, தன் சகோதரர் பெயரைச் சொன்னார். அவருக்கும் நான் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தேன், அது பிரிக்கப்படாமல் மேஜையில் கிடந்தது.

தீவனக் கடை அறிவிப்புப் பலகை, கவுண்டியில் இருக்கும் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் (வேளாண் ஆலோசனைச் சேவை) விரிவாக்க அலுவலர், இவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். யார் வயலில் பன்றி புகுந்தது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

6. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒரு தாளை நீங்களே தட்டச்சு செய்து இரண்டு பிரதி கொண்டுபோங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நிலையில் இருக்கட்டும். என் தாளில் இருப்பவை:

உரிமையாளர் பெயர், தொலைபேசி. என் பெயர், முகவரி, வேட்டை உரிம எண், கார் எண். நிலத்தின் முகவரி, ஏக்கர், மதிப்பீட்டு அலுவலகத்தின் சொத்து எண். எந்த விலங்கு, எந்த ஆயுதம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. இரவில் உண்டா இல்லையா. யாரெல்லாம் வரலாம், பெயரோடு. கார் எங்கே நிறுத்துவது, எந்த கேட் வழியாகப் போவது. மாடு இருக்கும் வயல், வீடு இருக்கும் திசை, சுடக் கூடாத பக்கம். செத்த பன்றியை என்ன செய்வது. வேட்டை உரிமை வேறு யாருக்கும் விடப்படவில்லை என்ற ஒரு வரி. கடைசியில் அவர் எப்போது வேண்டுமானாலும் அனுமதியை ரத்து செய்யலாம் என்ற ஒரு வரி. இந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் அவர் பேனாவை எடுத்தார்.

கூடவே வான்படத்தில் எல்லையைச் சிவப்பு மையால் வரைந்து ஒட்டிவிடுங்கள். அதிலும் அவர் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்தது பொறுப்பு விடுவிப்புத் தாள். "நீ கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டு என் மேல் வழக்குப் போட்டால்?" இதுதான் உரிமையாளரின் முதல் பயம். டெக்சாஸ் சட்டத்தில் 75-ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. விவசாய நிலத்தில் காசு வாங்காமல் ஒருவரைப் பொழுதுபோக்குக்கு விட்டால், உரிமையாளரின் பொறுப்பை அது வெகுவாகக் குறைக்கிறது. பலருக்கு இது தெரியாது. நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம், "வழக்கறிஞரிடம் இந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். அதோடு உங்கள் பக்கத்திலிருந்து கையெழுத்திட்ட விடுவிப்புத் தாளும் கொடுங்கள். காசுக்குக் குத்தகை என்றால் பல பண்ணைக்காரர்கள் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். 10 லட்சம் டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது அடிக்கடி கேட்கப்படும் அளவு. அக்ரிலைஃப் விரிவாக்கச் சேவை வேட்டைக் குத்தகைக்கான மாதிரிப் பத்திரத்தை இலவசமாகவே தருகிறது. அதை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு வாங்கி வேட்டைக்கு விடும் உரிமையாளர், மாநிலத்திடம் வேட்டைக் குத்தகை உரிமம் வைத்திருக்க வேண்டும். பெரிய தொகை முன்பணம் கேட்பவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். நிலத்தைப் பார்க்காமல், சொத்து எண்ணில் அவர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தின் படத்தைப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் 800 டாலர் இழந்தார்.

7. எல்லையை நடந்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமல் ஒரு பகல் முழுக்க நடங்கள். முடிந்தால் உரிமையாளரோடு. வேலி இருக்கும் இடமும் உண்மையான எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

டெக்சாஸில் வேட்டையின்போது நீங்கள் சுட்ட தோட்டா சொத்து எல்லையைத் தாண்டினாலே குற்றம், பக்கத்து நிலத்துக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் தவிர. ரைஃபிள் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று தெரியாத சமவெளியில் இது முக்கியம். பரணை எல்லையிலிருந்து தள்ளி, பின்னால் மண்மேடு இருக்கும் திசை பார்த்துப் போடுங்கள். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணில் புதையும். பொதுச்சாலையிலிருந்தோ சாலையோரத்திலிருந்தோ சுடக் கூடாது. பத்து ஏக்கரும் அதற்குக் குறைவான மனைகளாகப் பிரித்த பகுதிகளில் சுடுவதற்கே கவுண்டி தடை போட்டிருக்கலாம், ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடிபட்ட விலங்கு வேலி தாண்டி ஓடிவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. அதனால் பக்கத்து நிலத்துக்காரர்களின் தொலைபேசி எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள். நான் மூன்று பக்கத்துக்காரர்களையும் நேரில் பார்த்து, "சுட்டது ஓடி வந்தால் அழைக்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். ஒருவர் வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் பார்த்து நான் சுடுவதே இல்லை.

8. மொத்தம் எவ்வளவு ஆகும்?

எனக்கு முதல் ஆண்டில் ஆனது: சூப்பர் காம்போ 68, வேட்டைக் கல்வி வகுப்பு 15, செயலி 35, கடிதங்கள் 30, வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் 150, பெட்ரோல் கிட்டத்தட்ட 300. துப்பாக்கி, உடுப்பு தனி. நிலத்துக்கு ஒரு டாலர் கூடக் கொடுக்கவில்லை. மூன்று சனிக்கிழமை வேலி கட்டினேன்.

நிலம் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். 48 டாலருக்கு ஆண்டுப் பொது வேட்டை அனுமதி வாங்கினால் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை திறந்துவிடும் நிலங்களில் போய்ப் பழகலாம். அங்கே பெற்ற அனுபவத்தைக் கடிதத்தில் எழுதவும் முடியும்.

9. போகும் நாளும் அதற்கு அப்புறமும்

ஒவ்வொரு முறையும் முந்தின நாள் குறுஞ்செய்தி அனுப்புங்கள்: எத்தனை மணிக்கு வருகிறேன், எத்தனை மணிக்குக் கிளம்புவேன். கிளம்பிய பின் இன்னொன்று. அனுமதித் தாளின் ஒரு பிரதி சட்டைப்பையில், இன்னொன்று கார் கண்ணாடிக்குக் கீழே.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் போன பின் மூடுங்கள். யாரோ மறந்துவிட்டார் என்று நினைத்துத் திறந்த கேட்டை மூடினால், மாடு தண்ணீருக்குப் போக முடியாமல் நிற்கும். ஈரமான மண்ணில் காரை ஓட்டாதீர்கள், அந்தச் சக்கரத் தடம் அறுவடை வரை இருக்கும். காலி தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், மாடு தின்றுவிடும். காய்ந்த புல் மேல் சூடான காரை நிறுத்தினால் தீப்பிடிக்கும்.

பன்றியை அறுக்கும்போது ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள். புருசெல்லா கிருமி ரத்தத்தின் வழியே பரவும். கறி உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வெந்திருக்க வேண்டும். நம் வீட்டில் மிளகு போட்டு நன்றாக வறுப்பதால் அதில் கவலை இல்லை. மான் கிடைக்கும் காலம் வந்தால் சுட்ட உடனே, நகர்த்துவதற்கு முன் டேக் என்ற அடையாளச் சீட்டை நிரப்புங்கள், அதில் பண்ணையின் பெயரும் கவுண்டியும் கேட்டிருக்கும். மான் கறியை நண்பருக்குக் கொடுத்தால் அதற்கான கையெழுத்திட்ட ஆவணமும் கூடவே போக வேண்டும். எந்த வேட்டைக் கறியையும் விற்காதீர்கள்.

அவருடைய நிலத்தின் படத்தை இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்த வாரம் பத்துப் பேர் அவர் வாசலில் நிற்பார்கள். நண்பரைக் கூட்டிப் போக ஆசையாக இருந்தால் முதல் வருடம் கேட்கவே வேண்டாம்.

தீபாவளிக்கு நான் அவர் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன், கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி பெக்கன் பருப்பு போட்டுச் சுட்ட 'பை' என்ற இனிப்புப் பண்டம் கொடுத்தார். எத்தனை பன்றி எந்த மூலையில் கிடைத்தது என்று மாதம் ஒருமுறை அவருக்கு எழுதி அனுப்புகிறேன். வேலி எங்காவது அறுந்திருந்தால் படம் எடுத்து உடனே அனுப்புகிறேன். அனுமதித் தாளில் முடியும் தேதி வருவதற்கு ஒரு மாதம் முன்பே, அடுத்த ஆண்டுக்கான தேதியையும் புதிய உரிம எண்ணையும் போட்ட தாளோடு போய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய தாளில் இருக்கும் உரிம எண் செப்டம்பர் 1 அன்று செல்லாது.